அது முதுகுக்கு வந்த வழி

பிப்ரவரி 9

வாலு,

போன் செய்தால் நீ அழுவாய், உன் அழுகையைக் கேட்டால் நான் கத்துவேன். போன வருஷம் கத்தியதே நம் இரண்டு பேருக்கும் போதும். அதனால் எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே. மல்லாந்து படுத்துக்கொண்டு, அட்டையை வயிற்றில் முட்டுக்கொடுத்து எழுதுகிறேன்.

உன் அண்ணன் உன்னிடம் சொல்லியிருப்பார். சொல்லாவிட்டால் நான் சொல்கிறேன். திரும்ப வந்துவிட்டது. மார்பில் இல்லை. அந்தப் பக்கத்தைத்தான் ஏழு வருஷம் முன்பே எடுத்தாயிற்றே. இப்போது முதுகெலும்பில் வந்திருக்கிறது.

மழைக்காலம் முழுக்க முதுகு வலித்தது. நான் ரயில் எஞ்சினில் உட்கார்ந்து ஓட்டுகிற சீட்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். "இந்த சீட்ட மாத்தினாத்தான் வண்டி எடுப்பேன்" என்று ஷெட்டில் சண்டை போட்டு மாற்றவும் வைத்தேன். புது சீட்டிலும் வலித்தது. பாவம் அந்தப் பழைய சீட், எவ்வளவு ஏச்சு வாங்கியது!

டாக்டர் ஸ்கேன் படத்தை விளக்கில் மாட்டி, பேனா முனையால் இரண்டு இடத்தைத் தொட்டு, "பரவியிருக்கும்மா" என்றார். "எப்படி டாக்டர் பரவுச்சு?" என்றேன். "ரத்தம் வழியா" என்றார். அதற்கு மேல் அவருக்கு நேரமில்லை. அவரைக் குறை சொல்லவில்லை, வெளியே அத்தனை பேர் நின்றார்கள்.

வீட்டுக்கு வந்தால் அத்தை ஆரம்பித்துவிட்டார்கள். "அன்னிக்கே தலைப்பாடா அடிச்சிக்கிட்டேன், கத்தி பட்டா கலைஞ்சு பரவிடும்னு. யாரு கேட்டீங்க?" உன் அண்ணனோ, ஊருக்கெல்லாம் ஒயரிங் செய்கிற மனுஷன், வீட்டில் ஒரு பல்பு போனதுகூடத் தெரியாமல் நடமாடுகிறார். குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறார். தண்ணீர் பாட்டுக்கு ஓடுகிறது.

டாக்டர் இப்போது முதுகெலும்பில் ஊசியை விட்டு ஒரு துளி எடுத்துப் பார்க்க வேண்டும் என்கிறார். நான் முடியாது என்று எழுந்து வந்துவிட்டேன். அத்தை சொல்வது நிஜமாக இருந்தால்? கத்தி அனுப்பி வைத்ததை ஊசியும் அனுப்பி வைத்தால்?

போன வருஷம் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து, லேப்டாப்பில் உன் ஆய்வுக்கூடத்துப் புற்றுச் செல் ஓட்டைக்குள் புகுந்து போகிற படத்தைப் போட்டு, "எவ்ளோ அழகு பாருங்க அண்ணி" என்றாய். உன் விரல் நசுங்குகிற மாதிரி மூடியை அடைத்தேன். "இது அழகுன்னா இனி இந்த வீட்டுப் பக்கம் வராதே" என்றேன். அதை இன்னும் வாபஸ் வாங்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்தவர்களில் அதைக் கண்ணால் பார்த்தவள் நீ ஒருத்திதான். சொல். மார்பிலிருந்து முதுகுக்கு அது எப்படி வந்தது? யார் அனுப்பியது?

ஆறுதல் வேண்டாம். ஆறுதல் சொல்ல இங்கே ஆட்கள் பையும் பழமுமாக வரிசையில் வருகிறார்கள்.

அண்ணி

*

பிப்ரவரி 17

அன்புள்ள அண்ணி,

அண்ணன் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன், ஆய்வுக்கூடத்தின் படிக்கட்டில் நின்றபடி. அழுதேன். உங்களுக்குக் கேட்காத தூரத்தில்தானே, மன்னித்துவிடுங்கள். ஆறுதல் வேண்டாம் என்று எழுதிவிட்டீர்கள், ஆகவே இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதலில் கத்தி. கத்தி அனுப்பவில்லை, அண்ணி. இந்தப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். நீங்கள் கட்டியைக் கையால் தொட்டு உணர்ந்த அன்று அதில் கோடிக்கணக்கான செல்கள் இருந்திருக்கும். அதற்கும் முன்பே, நீங்கள் எதுவும் தெரியாமல் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நாட்களிலேயே, அதிலிருந்து சில கிளம்பிப் போயிருக்கும். ஆபரேஷன் அந்தக் கூட்டத்தையே அப்புறப்படுத்தியது. எடுக்காமல் விட்டிருந்தால் தினம் தினம் புதிதாகக் கிளம்பிக்கொண்டே இருந்திருக்கும்.

ஊசி வழியாகப் பரவவே பரவாது என்று சத்தியம் செய்ய எனக்கு வாய் வராது. மிக மிக அரிது என்று மட்டும் சொல்கிறேன். அந்த ஒரு துளி இல்லாவிட்டால் டாக்டர் உத்தேசமாகத்தான் மருந்து கொடுக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் அதன் குணம் மாறியிருக்கலாம். பழைய மருந்துக்கு மசியுமா, வேறு வேண்டுமா என்று அதனிடமே கேட்பதுதான் இந்த ஊசி. போட்டுக்கொள்ளுங்கள்.

இனி, வந்த வழி. எனக்குச் சுருக்கமாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மார்பில் இருக்கிற செல் பக்கத்துச் செல்லை இறுகப் பிடித்துக்கொண்டுதான் வாழும். பிடி விட்டுப்போனால் தானாகவே செத்துவிட வேண்டும், அதற்கு உடம்பு போட்டிருக்கும் கட்டளை அப்படி. புற்றுச் செல் பிடியை விடுகிறது, ஆனால் சாக மறுக்கிறது. எல்லாம் ஆரம்பிப்பது அங்கேதான். பிறகு அது உருண்டை வடிவத்தை விட்டு நீள்கிறது, முன்பக்கம் ஒரு கால் மாதிரி நீட்டி ஊன்றி, பின்பக்கத்தை இழுத்துக்கொள்கிறது. வழியில் ஒரு சவ்வு. அதைக் கரைக்கும் ரசத்தைத் தானே சுரந்து ஓட்டை போடுகிறது. அந்த ஓட்டையோ அதைவிடச் சின்னது. செல்லின் உடம்பு எப்படியும் வளைந்து கொடுத்துவிடும். நடுவில் இருக்கும் கரு கெட்டியானது, லேசில் வளையாது. நான் காட்டிய படத்தில் நீங்கள் பார்த்தது அந்த இடம். கரு நசுங்கி, சில சமயம் உறையே கிழிந்து, கிழிந்ததை ஒட்டுப் போட்டுக்கொண்டு மறுபக்கம் வரும்.

வந்தால் ரத்தக் குழாய், ஒரே வெள்ளம். ஊன்றி நிற்க ஒன்றும் கிடையாது, அடித்துப் புரட்டுகிறது, எதிரே வரும் வெள்ளையணுக்கள் பிடித்துத் தின்கின்றன. உள்ளே விழுவதில் பல ஆயிரத்தில் ஒன்று தப்பித்தாலே பெரிது. தப்புகிறவை தந்திரக்காரர்கள். ரத்தம் உறைவதற்காக இருக்கிற தட்டணுக்களைப் போர்வை மாதிரி போர்த்திக்கொண்டு போகும். தனியாகப் போவதைவிட நாலைந்தாக ஒட்டிக்கொண்டு போனால் பிழைக்க வாய்ப்பு அதிகம். கடைசியில் எங்கோ ஒரு முடி போன்ற குழாயில் சிக்கி, சுவரை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால், அது தெரியாத இடம். மார்பில் பிறந்ததற்கு எலும்பில் என்ன வேலை? அநேகமாக அங்கேயே செத்துப்போகும்.

இதில் எந்த வித்தையையும் அது புதிதாகக் கற்கவில்லை, அண்ணி. நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் கடுகளவு இருந்தபோது உங்கள் செல்கள் இப்படித்தான் பிடியை விட்டு, நீண்டு, தூரம் நடந்து போய் முகமாகவும் நரம்பாகவும் ஆயின. விரலில் வெட்டுப் பட்டால் தோல் இப்படித்தான் நகர்ந்து வந்து மூடுகிறது. உடம்பைக் கட்டுவதற்கென்று இருந்த வித்தையை இது உடம்புக்கு எதிராக எடுத்துக்கொண்டது.

அழகு என்று சொன்னேன். உங்கள் வீட்டில், உங்கள் எதிரே, அந்தச் சமயத்தில் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் சொன்னது பொய் என்று இப்போது எழுத என்னால் முடியவில்லை.

பதில் போடுவீர்களா?

வாலு

*

மார்ச் 2

வாலு,

ஊசி போட்டாயிற்று. குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக மருந்து கொடுத்து, திருகினார்கள். வலி பெரிதாக இல்லை. பலகையில் யாரோ ஆணி திருகுகிறார்கள், அந்தப் பலகை நான்தான் என்கிற நினைப்புதான் பெரிசாக இருந்தது.

உன் கடிதத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்கள். காது நன்றாகக் கேட்குமாம் அப்போது.

"அப்போ கத்தி இல்லையா?"

"இல்லையாம் அத்தை. உங்க மகதான் எழுதியிருக்கா."

"அவ எழுதினா சரியாத்தான் இருக்கும். ஆனாலும் அந்த டாக்டர் மூஞ்சி எனக்குப் பிடிக்கல."

அதற்குள் குளியலறைக் குழாய் நின்றது. உன் அண்ணன் ஈரக் கையோடு வந்து கதவருகில் நின்றார். "அந்த வரிய இன்னொரு தடவ படி" என்றார். கத்தி அனுப்பவில்லை என்ற வரி. படித்தேன். "அப்போ நான் கையெழுத்துப் போட்டதால இல்லயே?" என்றார். ஏழு வருஷம் முன்னால் ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்துப் போட்டது அவர்தானே. இந்த மனுஷன் இத்தனை நாளும், தான் போட்ட கையெழுத்துதான் என் முதுகில் வந்து உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு குழாயைத் திறந்துவிட்டு நின்றிருக்கிறார்! எனக்குச் சிரிப்பதா அவரை நாலு சாத்து சாத்துவதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யாமல் அழுதேன். அவரும். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "காப்பி போடவா?" என்றார்கள்.

நீ எழுதியதை நான் தனியாகவும் படித்தேன். நிறையத் தடவை. பிடியை விட்டு, சுவரைக் கரைத்து, தன்னையே நசுக்கிக்கொண்டு, வெள்ளத்தில் விழுந்து, போர்வை போர்த்திக்கொண்டு. அடேயப்பா! எனக்கு அதன்மேல் கோபம் ஒரு துளி குறையவில்லை. ஆனால் என்னை ஒரு சப்பைப் பயல் வீழ்த்தவில்லை என்று தெரிந்ததும், எப்படிச் சொல்வது, மரியாதையாக இருந்தது. இரண்டு தரப்புக்கும்.

ஊசி போடும் முன் நர்ஸ் ஒரு கேள்வி கேட்டாள். பரிசோதித்தது போக மிச்சம் இருந்தால் ஆராய்ச்சிக்கு அனுப்பலாமா என்று. எங்கெங்கே போகும் என்றேன். சொன்ன இடங்களில் உன் இடமும் இருந்தது. "தாராளமா அனுப்புங்க" என்றேன். ஆகவே என்னுடையது உன் மேஜைக்கு வந்தால் நன்றாகப் பார். அழகா என்று பார்த்துச் சொல். மழுப்பாமல் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. ஏழு வருஷம் அது என்ன செய்துகொண்டிருந்தது? அதை நீ எழுதவில்லை.

அண்ணி

*

மார்ச் 12

அன்புள்ள அண்ணி,

தூங்கிக்கொண்டிருந்தது. அதுதான் பதில். தூக்கம் என்பது நாங்களும் சொல்கிற வார்த்தைதான்.

எலும்பின் மஜ்ஜைக்குள் போய்ச் சேர்ந்த அந்த ஒன்றிரண்டு, பெருகவும் முடியாமல், சாகவும் செய்யாமல், மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். எந்த ஸ்கேனிலும் தெரியாது. அவற்றைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாங்கள் அவற்றின் பொறுமையைத்தான் வியப்போம். உங்கள் கேள்விக்குப் பிறகுதான் எனக்கு வேறு விதமாகத் தோன்றியது. அவை தாமாகத் தூங்கவில்லை. தூங்கவைக்கப்பட்டன. சுற்றியிருந்த உங்கள் செல்கள் அவற்றை எழவிடாமல் அழுத்தி வைத்திருந்தன. உங்கள் வெள்ளையணுக்கள் ரோந்து வந்து, தலை தூக்கியதை எல்லாம் தீர்த்துக்கட்டின. ஆபரேஷனுக்குப் பிறகு நீங்கள் சாப்பிட்ட மாத்திரையும் சேர்ந்துதான். நீங்கள் சிக்னல் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், தூங்கினீர்கள், அண்ணனோடு சண்டை போட்டீர்கள். அத்தனை நாளும் ஒரு நொடி ஓய்வில்லாமல் உள்ளே இது நடந்துகொண்டிருந்தது. ஒருவரும் கைதட்டாத வேலை.

அப்புறம் ஏன் எழுந்தது? நிச்சயமாகத் தெரியாது. எழுந்த பிறகு செய்வது தெரியும். எலும்பு தன்னைத்தானே கொஞ்சம் கரைத்துக் கொஞ்சம் கட்டிக்கொண்டே இருக்கும். புற்றுச் செல் எலும்பைக் கரைக்கிற செல்களை உசுப்பிவிடுகிறது. எலும்பு கரையக் கரைய அதில் பூட்டி வைத்திருந்த சத்து வெளியே வருகிறது. அதைத் தின்று இது வளர்கிறது. உங்களுக்கு எலும்புக்கென்று ஓர் ஊசியும் போடுவார்கள், அது கரைக்கிற செல்களைக் கட்டிப்போடும்.

மிச்சத் துளி பற்றி. பெயர் எங்களுக்கு வராது, அண்ணி. எண் மட்டும்தான். எந்த எலும்பு, ஆணா பெண்ணா என்று இருக்கும். ஆகவே உங்களுடையது எது என்று எனக்கு ஒருநாளும் தெரியாது.

தெரியாமல் இருப்பதுதான் இப்போது கஷ்டமாக இருக்கிறது. நேற்று ஐஸ் பெட்டி ஒன்று வந்தது. முதுகெலும்பு, பெண். மைக்ராஸ்கோப்பின் முன்னால் உட்கார்ந்தேன். கண்ணை வைக்க முடியவில்லை. என் பக்கத்து இருக்கைக்காரி "என்ன, தலைவலியா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வெளியே போய் வராந்தாவில் நின்றேன். எல்லாப் பெட்டியும் நீங்கள் மாதிரியே இருக்கிறது. வேறு வேலைக்கு மாற்றச் சொல்லி எங்கள் தலைவரிடம் கேட்டிருக்கிறேன். தாவரப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருக்கிறது.

வாலு

*

மார்ச் 20

வாலு,

தாவரமா? நீ வீட்டில் வைத்த ஒரு செடியாவது பிழைத்திருக்கிறதா?

கதிர்வீச்சு ஆரம்பித்துவிட்டது. மருந்தும் தெரிந்துவிட்டது. பழைய மாத்திரையை மாற்றி, கூட ஒன்று சேர்த்திருக்கிறார்கள். அந்தத் துளியைக் கேட்டு முடிவு செய்தது. நீ எழுதாவிட்டால் நான் அந்த ஊசிக்குச் சம்மதித்திருக்க மாட்டேன். இதற்கு மேல் என்னால் விளக்கமாக எழுத முடியாது, களைப்பாக இருக்கிறது.

கதிர்வீச்சு அறைக்கு வெளியே ஒரு நீளமான பெஞ்சு. தினமும் அதே பெண்கள். ஒருத்தி பேங்கில் வேலை செய்கிறாள், ஒருத்தி அழகு நிலையம் வைத்திருக்கிறாள், இன்னொருத்தி பேசவே மாட்டாள். நேற்று அந்தப் பேசாதவள், "கத்தி வெச்சதாலதான் பரவுச்சுன்னு சொல்றாங்களே, நெசமா?" என்றாள். உன் கடிதத்தை அப்படியே சொன்னேன். போர்வை போர்த்திக்கொண்டு போகும் என்று சொன்னபோது அழகு நிலையக்காரி, "ஏங்க, அதுக்கு இருக்கிற சாமர்த்தியம் எங்க வீட்டுக்காரருக்கு இல்லீங்க" என்றாள். பெஞ்சே ஆடியது. உள்ளேயிருந்து டெக்னீஷியன் எட்டிப் பார்த்து, "மேடம், இது ஆஸ்பத்திரி" என்றார். எங்களுக்குத் தெரியாதாக்கும்.

உன்னைப் போல அதைக் கூர்ந்து பார்க்க ஆள் வேண்டும். வெறுப்போடு பார்த்தால் முழுசாகத் தெரியாது. நீ வாய் பிளந்து பார்க்கிறாய், அதனால் உனக்குத் தெரிகிறது. அதை விட்டுவிட்டுப் போனாயானால் அப்புறம்தான் இந்த வீட்டுப் பக்கம் வராதே.

போய் உட்கார்.

அண்ணி

*

மே 24

அன்புள்ள அண்ணி,

இரண்டு மாதம் பதில் போடாததற்குத் திட்டுவீர்கள். போய் உட்கார்ந்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

தலைவர் என்னை மாற்றவில்லை. "இங்க இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் யாரோ ஒருத்தர் இருக்காங்கம்மா. எனக்கு எங்க அப்பா. கொஞ்ச நாள் லீவு எடுத்துட்டு வா" என்றார். அவர் அப்பாவைப் பற்றி எனக்கு அதுவரை தெரியாது. லீவெல்லாம் எடுக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த மறுநாளே உட்கார்ந்துவிட்டேன். முதல் வாரம் கண்ணை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தது. பிறகு பழகியது.

போன வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும். மறுபடி ஒரு முதுகெலும்பு, மறுபடி ஒரு பெண். தட்டில் பரப்பி, இளஞ்சிவப்பு ரசம் ஊற்றி, உடம்பின் சூட்டிலேயே வைத்தேன். அதற்கு வேண்டிய சர்க்கரை, உப்பு, சத்து எல்லாம் கொடுத்தேன். ராஜோபசாரம். முதல் நாள் கால் நீட்டிப் பார்த்தது. அடுத்த நாள் நகரவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக உருண்டு, சுருங்கி, தட்டைவிட்டுப் பெயர்ந்து மிதந்தன. செத்துவிட்டன.

நான் கைதட்டினேன், அண்ணி. நிஜமாகவே, சத்தமாக. பக்கத்து இருக்கைக்காரி திரும்பிப் பார்த்து, "பாடுபட்டு வளத்தது எல்லாம் போச்சு, நீ என்னடான்னா கைதட்டுற?" என்றாள். இத்தனை சுவரைத் துளைத்த முரடன், அத்தனை வெள்ளத்தில் மிதந்து வந்தவன், எலும்பின் துணை இல்லாமல் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை! ஆய்வுக்கூடத்தில் இப்படி எப்போதும் நடக்கிறதுதான். மாதிரி வீணாகிவிட்டது என்று குறித்துவிட்டுக் கழுவி வைப்போம். நானும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு தட்டில் செத்தால் உடம்புக்குள்ளும் சாகும் என்று அர்த்தமில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெண் யாரென்றும் தெரியாது. ஆனால் அது எதனிடம் எதைக் கேட்டு வாங்கிப் பிழைக்கிறது என்று இப்போது தேட ஆரம்பித்திருக்கிறேன். தலைவர் ஆறு மாதம் கொடுத்திருக்கிறார். ஒன்றும் கிடைக்காமலும் போகலாம்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: அழகுதான். பயமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க முன்பு எனக்குத் தெரியாது.

உங்களைப் பார்க்க வேண்டும். நான் வரலாமா என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

வாலு

*

செப்டம்பர் 6

வாலு,

நீ வர வேண்டாம். நான் வந்துகொண்டிருக்கிறேன். இதை ரயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன், தபாலில் போடப் போவதில்லை, கையில் கொடுப்பேன். உன் அண்ணன் எதிரே உட்கார்ந்து, முதுகெலும்புக்குத் தாங்கலாக நான் கட்டியிருக்கும் இடுப்புப் பட்டை சரியாக இருக்கிறதா என்று நிமிஷத்துக்கு ஒருதரம் பார்க்கிறார். "பட்டையப் பாக்காதீங்க, வெளிய பாருங்க" என்றேன். பார்க்கிற மாதிரி நடிக்கிறார்.

ஸ்கேன் வந்தது. "புதுசா எதுவும் இல்லம்மா. இருக்கிறதும் அசையல" என்றார் டாக்டர். "தூங்குதா?" என்றேன். "அப்படித்தான் வெச்சுக்குங்க" என்றார். போகாது என்றும் சொன்னார். அடுத்த ஸ்கேன், அதற்கடுத்த ஸ்கேன் என்று போகும். எத்தனை வருஷம் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நீ எழுதினாயே, உள்ளே ரோந்து வருகிறவர்கள், அவர்கள் ஏழு வருஷம் காவல் காத்தவர்கள். அவர்கள்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. இப்போதெல்லாம் தூங்கப்போகும் முன் அவர்களுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுத்தான் படுக்கிறேன். உன் அண்ணனிடம் சொல்லாதே, பயந்துவிடுவார்.

அந்தப் பேசாதவள் போன மாதம் போய்விட்டாள். அவளுக்கு ஈரல் வரை போயிருந்தது. கடைசியாகப் பார்த்தபோது, "நல்லா வெளங்குற மாதிரி சொன்னீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதை உன்னிடம் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. சேர்த்துவிட்டேன்.

இனி என்னை எஞ்சினில் ஏற்ற மாட்டார்கள். மருத்துவக் குழு எழுதிக் கொடுத்துவிட்டது. முதுகெலும்பு அந்த அதிர்ச்சியைத் தாங்காதாம். எந்த ஓட்டுநருக்கு எந்த வண்டி என்று பிரித்துக் கொடுக்கிற மேஜையில் உட்கார வைத்திருக்கிறார்கள். முதல் வாரம் அழுதேன். இரண்டாம் வாரம் எல்லாரையும் விரட்ட ஆரம்பித்துவிட்டேன். "பழைய மேடமே பரவால்ல" என்று பேசிக்கொள்கிறார்களாம்.

இருபது வருஷத்தில் நான் பயணியாக உட்கார்ந்து போனது விரல் விட்டு எண்ணிவிடலாம். காலையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வண்டி ஓடுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மேட்டில் இழுத்த விதம், இறக்கத்தில் தளரவிட்ட விதம், வளைவில் டம்ளர் தண்ணீர்கூட அலுங்காமல் திருப்பிய விதம். பொறாமையாக இருக்கிறது. ஆனால் என்ன கை! இப்போது உன் ஊருக்குள் நுழைகிறோம். தடம் மாறுகிறது. வேகம் இறங்குகிறது, பிரேக் பிடிப்பதே தெரியவில்லை. முதுகில் ஒரு சின்ன வலிகூட இல்லை.

உன் அண்ணன் போனில் சொன்னபடியே பிளாட்பாரத்தில் நீ நிற்பது தெரிகிறது. எதற்கு இப்போதே அழுகிறாய்? அங்கேயே கொஞ்சம் நில். இறங்கியதும் நான் முதலில் எஞ்சின் வரை நடந்து போகப்போகிறேன். யார் என்று தெரியாது. இவ்வளவு நன்றாக ஓட்டிக்கொண்டு வந்தவருக்கு ஒரு கை கொடுத்துவிட்டு வருகிறேன்.

அண்ணி